நாலு கிடேரியும் ஒரு ஃபேனும்

கொசுவுக்கு ஒரு எடத்துல நிக்கவே வராது. வண்டிக்கு ஸ்டாண்டு போடறதுக்கு முன்னாலயே ஹெல்மெட்ட கழட்டியிருப்பா, ஹெல்மெட்ட கழட்டறதுக்கு முன்னாலயே பேச ஆரம்பிச்சிருப்பா. அந்தப் பேரு அவ அக்கா புருஷன் வெச்சது. காதுகிட்ட ஙொய்னு சுத்திக்கிட்டே இருக்கான்னு ஒரு காரணம். இன்னொரு காரணம் அவ பாக்கற வேல. கால்நடை ஆஸ்பத்திரிக்காக மாட்டுக் கொட்டகையில பூச்சிப் பொறி மாட்டுவா. அதுல விழுறத எடுத்துட்டுப் போயி லென்சுக்கு அடியில வெச்சு எண்ணுவா. "ஊர்ல எல்லாரும் கொசுவ அடிப்பாங்க, எங்க வீட்டு கொசு மட்டும் எண்ணும்"னு மாமா யாரப் பாத்தாலும் சொல்லுவார். சொல்லிட்டு அவரே சிரிச்சுக்குவார்.

அன்னிக்குக் காலைல அக்கா வீட்டுப் பொறிக்கு புட்டி மாத்த வந்தப்போ வாசல்ல லாரி நிக்குது. பின்பலகைய எறக்கி வெச்சு மூணு கிடேரி ஏத்தியாச்சு. நாலாவது மட்டும் பலகைல முன்னங்கால வெச்சுட்டு ரொம்ப யோசனையா நிக்குது. மாமா பின்னாலேருந்து தள்றார், டிரைவர் அண்ணன் மேலேருந்து கயித்த இழுக்கறார், அக்கா நடுவுல நின்னு ரெண்டு பேரையும் திட்டறா.

"மெதுவா, மெதுவா. அது என்ன பீரோவா, சாச்சு ஏத்தறதுக்கு."

"அப்ப நீ வந்து தள்ளு."

"நான் தள்ளினா ஏறிடும். உங்க மானம் போயிடுமேன்னு பாக்கறேன்."

கொசு சும்மா இருப்பாளா. நேரா போயி அது காதுக்குப் பின்னால சொறிஞ்சு விட்டா. அது சொக்கிப் போயி கண்ண மூடிக்கிட்டு, தான் பாட்டுக்கு நடந்து உள்ள போயிடுச்சு. டிரைவர் அண்ணன் பலகைய தூக்கிக் கொக்கி மாட்டினார், லாரி கிளம்பிச்சு, கொசு டாட்டா காட்டினா. கடைசி கிடேரிய ஏத்தி விட்டதே அவதான்.

நாலும் ஆத்துக்கு அந்தப் பக்கம் மாமாவோட தங்கச்சி வீட்டுக்குப் போகுது. அக்காவுக்கு நாத்தனார். அவ ஆடு வெச்சிருக்கா, பெரிய பட்டி. மாடும் வளக்கணும்னு ரொம்ப நாளா ஆச. போன வருஷமே கிடேரி தர்றேன்னு அக்கா வாக்கு குடுத்துட்டா. கிளம்பற நாளாப் பாத்து மேலாத்துப் பக்கம் ஆட்டுக்கெல்லாம் நீலநாக்கு நோய் வந்து, ஆத்தத் தாண்டி மாடு போகக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில வழிய மூடிட்டாங்க. நெசமாவே மூடினாங்க. ஆனா நாத்தனார் நம்பல. "குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லலாமே அண்ணி, எதுக்கு ஆஸ்பத்திரி மேல பழியப் போடறீங்க"ன்னு கேட்டுட்டு போன வெச்சவ, அப்புறம் எடுக்கவே இல்ல. ஒரு கல்யாணத்துல நேருக்கு நேர் பாத்தப்போ கூட, அக்காவுக்குப் பின்னால இருந்த செவுத்தப் பாத்து சிரிச்சுட்டுப் போனா. அந்தச் செவுத்துக் கதைய அக்கா சொல்லிச் சொல்லி கொசுவுக்கு அந்தச் செவுரே மனப்பாடம்.

அப்படி இருந்த பேச்சு இப்பதான் ஒட்டியிருக்கு. ஒட்டினதுக்குக் காரணம் போன வாரம் ஆஸ்பத்திரில தெறந்து விட்டது. தெறந்து விட்டதுக்குக் காரணம் கொசு.

விஷயம் என்னன்னா, நீலநாக்கு தொட்டா ஒட்டிக்கற சீக்கு இல்ல. ஒரு மாட்டுலேருந்து இன்னொண்ணுக்குப் போகணும்னா நடுவுல ஒரு பூச்சி தூக்கிட்டுப் போகணும். கடுகுல கால்வாசி கூட தேறாது அந்தப் பூச்சி, பொடிப்பூச்சின்னுதான் சொல்லுவாங்க. பொழுது சாயறப்போ வரும், விடியற வரைக்கும் கடிக்கும். பூச்சி இல்லன்னா சீக்கு நகராது. அதனால பொறியில தொடர்ந்து பொடிப்பூச்சி விழலன்னா அந்தப் பக்கத்த தெறந்துடலாம். இந்த ஆத்தோரத்துக்கு இருக்கறதே ஒரு பொறி, அது அக்கா கொட்டகையில. வாரா வாரம் கொசு புட்டியக் கொண்டு போயி பாக்கறா, ஒண்ணுமே இல்ல. வெயில் அந்தப் போடு போட்டுச்சு, சேறெல்லாம் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு, பூச்சி போயிருக்கும்னு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் நெனச்சாங்க. நெனக்கறதுல தப்பும் இல்ல. கொசு துள்ளிக்கிட்டு வந்து அக்காகிட்ட சொன்னா, அக்கா அந்த நிமிஷமே நாத்தனாருக்கு போன் போட்டா.

லாரி திரும்பி மறைஞ்சதும் கொசு புதுப் புட்டிய எடுத்துக்கிட்டு கொட்டகைக்குள்ள போனா. பொறின்னா பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு பல்பு, அதுக்குக் கீழ உள்ளங்கை சைசுல ஒரு ஃபேன், அதுக்குக் கீழ சோப்புத் தண்ணி புட்டி. வெளிச்சத்துக்கு வர்ற பூச்சிய ஃபேன் உறிஞ்சி புட்டில தள்ளிடும். கையத் தூக்கி புட்டியக் கழட்டப் போறா, முடியெல்லாம் மூஞ்சில வந்து விழுது. ஒதுக்கிவிட்டா, திரும்ப விழுது. அப்பதான் கவனிச்சா, புட்டியே ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டு இருக்கு.

திரும்பிப் பாத்தா செவுத்து மேல பெரிய இரும்பு ஃபேன் ஒண்ணு சுத்துது. வட்டமா ஏதோ மாட்டியிருக்குன்னு முன்னாலயே பாத்திருக்கா. ஆனா அந்த வீட்டுச் செவுத்துல பழைய சாமான் இல்லாத எடம் எங்க இருக்கு. ஓடாத கடிகாரம், கைப்பிடி இல்லாத ரம்பம், எந்த வண்டியோடதுன்னே தெரியாத ஸ்டியரிங்கு, எல்லாம் மாமா சேத்தது. இதுவும் அப்படி ஒண்ணுன்னு விட்டுட்டா.

"மாமா, இது ஓடுமா?"

மாமாவுக்கு மூஞ்சில அப்படி ஒரு பூரிப்பு. "பின்ன? மூடின பட்டறைலேருந்து தூக்கிட்டு வந்தேன். மோட்டார் நானே சுத்தினேன். டிரைவருக்குக் காட்டலாம்னு போட்டேன், அவன் எங்க பாக்கறான், கயித்தையே புடிச்சுட்டு நிக்கறான்."

"எப்பப்ப போடுவீங்க?"

"பொழுது சாஞ்சா போட்டுடுவேன். விடியக்காலைல பால் கறக்க வர்றப்ப நிறுத்துவேன். மாடுங்க என்னமா தூங்குது தெரியுமா. வால கூட ஆட்டறதில்ல."

கொசு காலைல வெயில் வந்தப்புறம்தான் எப்பவும் வருவா. ஓடி அவ பாத்ததே இல்ல.

"பொறிக்கு நேரா இருக்கே மாமா."

"நேராதான வெச்சேன். உங்க பொறி பாவம், பொம்மை ஃபேன வெச்சுக்கிட்டு உறிஞ்சு உறிஞ்சு கெடக்கு. பெருசா ஒண்ணு கை குடுத்தா நல்லா புடிக்குமேன்னு திருப்பி வெச்சேன். உன் வேலைக்குத்தான் செஞ்சேன், நன்றி கூட சொல்ல மாட்ட."

கொசு புட்டியக் கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. வண்டு கெடக்கு, அந்துப்பூச்சி கெடக்கு, சில்வண்டு ஒண்ணு கெடக்கு. நல்லா கனமா, காத்த எதுத்துப் பறக்கற பூச்சி எல்லாம் விழுந்திருக்கு. பொடி மட்டும் இல்ல. போன வாரமும் இப்படித்தான், அதுக்கு முந்தின வாரமும் இப்படித்தான். அவ பொடி இல்லங்கறதத்தான் பாத்தா. பெருசு மட்டும் இருக்கேங்கறத பாக்கல.

"மாமா, பொடிப்பூச்சி நாம தும்மினாலே பறந்துடும். இந்தக் காத்துல அது எப்படி பொறிகிட்ட வரும்?"

"வராது. மாட்டுகிட்டயும் வராது. நல்லதுதான?"

"நல்லதுதான். கிடேரிங்க எங்க படுத்துச்சு?"

"பின்னால, கன்னுக் கொட்டில்ல."

"அங்க ஃபேன்?"

"அங்க ஏது. ஒயர் பத்தல."

கொசு பின்பக்கம் ஓடினா. கன்னுக் கொட்டில் ஓரமா ஒரு குழாய், என்னைக்கோ வாஷர் போனது, நிக்காம ஒழுகிக்கிட்டு இருக்கு. அதச் சுத்தி மட்டும் சேறு, சாணியும் தண்ணியும் கலந்து கருகருன்னு. ஊரு பூரா காஞ்சு கெடக்கறப்போ பூச்சிக்கு முட்ட போட இதவிட நல்ல எடம் கெடைக்காது. மேல ஒரு டியூப்லைட். அதுக்கு நேர் கீழ அக்கா பால் கேன் கழுவற தொட்டி, நேத்து சாயந்தரத்து சோப்புத் தண்ணி இன்னும் கொட்டாம கெடக்கு. விளக்கும் இருக்கு, சோப்புத் தண்ணியும் இருக்கு, காத்து மட்டும் இல்ல. தெரியாம அங்க ஒரு பொறி வெச்ச மாதிரிதான்.

தண்ணி மேல மிளகுத்தூள் தூவின மாதிரி இருந்துச்சு. கொசு விரல் நுனியால கொஞ்சம் அள்ளி வெள்ளத் தட்டுல தடவினா. போன்ல மாட்டற சின்ன லென்ச எடுத்து மாட்டினா, சோப்புத் தண்ணி பட்ட விரல்ல ரெண்டு தடவ வழுக்கிடுச்சு. அப்புறம் நின்னுச்சு. றெக்கைல புள்ளி புள்ளியா இருக்கு, அதேதான். அதுல பாதிக்கு மேல வயிறு உள்ளாற ஒயின் கலர்ல செவந்திருக்கு. ஒரு தடவ ரத்தம் குடிச்சு முட்ட போட்ட பூச்சிக்கு அப்படி ஒரு கறை விழும், அப்புறம் போகாது. கடிச்சது, திரும்பக் கடிக்க வந்ததுன்னு அர்த்தம். முதல் மாட்டுக்கிட்ட சீக்கு இருந்தா, ரெண்டாவது மாட்டுக்கு அத எறக்கறது இந்த மாதிரி பூச்சிதான்.

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா. அங்க ஏதோ பசு கத்துது. டாக்டரம்மா வேற எங்கயோ பிரசவம் பாத்துக்கிட்டு இருக்காங்க, யாரோ போன அவங்க காதுல வெச்சுப் புடிச்சிருக்காங்க.

"சீக்கிரம் சொல்லு, என் கை உள்ள இருக்கு."

கொசு மூச்சு விடாம சொன்னா.

"செவப்பு நல்லா தெரியுதா?"

"தெரியுது டாக்டரம்மா. போட்டோ அனுப்பிட்டேன்."

"சரி. திரும்ப மூடச் சொல்லிடறேன். ஆனா அது மேல போயி கையெழுத்தாகி வர சாயந்தரமாயிடும். வண்டி எங்க?"

"போயிடுச்சு."

"பகல்ல அது கடிக்காது, அதனால பதறாத. பொழுது சாயறதுக்குள்ள அந்த நாலும் ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்துடணும். நாளைக்கு வந்து ரத்தம் எடுக்கறேன். அந்த வீட்ல ஆடு இருக்கா?"

"பெரிய பட்டி."

"அப்ப பதறு"ன்னாங்க டாக்டரம்மா. போன் கட்டாயிடுச்சு.

அக்கா முன்கட்டுல நின்னு நாத்தனார்கிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தா. "ஆமா ஆமா, கிளம்பிடுச்சு, அந்த வெள்ள நெத்தி மட்டும் கொஞ்சம் முரண்டு, உன்ன மாதிரியே"ன்னு சிரிப்பு வேற. அவ அப்படி சிரிச்சு எவ்வளவோ நாளாச்சு. கொசு எதிர்ல வந்து நின்னா. அக்கா அவ மூஞ்சியப் பாத்துட்டு போன வெச்சா.

"என்னடி?"

சொன்னா. அக்கா கேட்டுக்கிட்டே வந்து அப்படியே கல் மேல உக்காந்துட்டா.

மாமாதான் மொதல்ல பேசினார். "கிடேரி ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி இருக்கு. தீனி ஒழுங்கா திங்குது. சீக்காம். எந்த சீக்கு?"

"மாட்டுக்கு ஒண்ணும் தெரியாது மாமா. அதுதான் பிரச்சனையே. பாக்க நல்லா இருக்கும், ரத்தத்துல மட்டும் வாரக்கணக்குல வெச்சிருக்கும். பக்கத்துல இருக்கற ஆட்டுக்குத்தான் மூஞ்சி வீங்கும், நாக்கு நீலமாகும், வாயெல்லாம் புண்ணாயி திங்க முடியாம சாகும்."

"இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. இல்லன்னும் தெரியாது. நான் இல்லன்னு சொன்னதாலதான் போயிருக்கு."

அக்கா எழுந்தா. "அவகிட்ட போயி என்னன்னு சொல்றது? போன தடவையும் சீக்கு, இந்தத் தடவையும் சீக்கா? அதுவும் வண்டி ஏத்தினப்புறம்? கொசு, நான் செத்தேன்டி. அவ இனிமே செவுத்தப் பாத்து கூட சிரிக்க மாட்டா."

"டிரைவருக்குப் போடு."

"மாடு ஏத்தினா போன அணைச்சு வெச்சிடுவான். மணி அடிச்சா மாடு மெரளுமாம்."

கொசு ஏற்கனவே ஹெல்மெட்ட மாட்டியிருந்தா. அக்கா ஒரு செருப்பு ஒரு கலரு, இன்னொண்ணு வேற கலரு, அப்படியே பின்னால ஏறிட்டா.

போற வழி பூரா சண்ட. ஸ்கூட்டர் சத்தத்துக்கு மேல கத்தணும், அதனால வழில போறவங்களுக்கெல்லாம் குடும்ப விவகாரம் இலவசம்.

"வாரா வாரம் வர்ற, தலைக்கு மேல யானை சைசுல சுத்தறது தெரியலயா உனக்கு?"

"நான் வர்றப்ப அது சுத்தல. உன் வீட்ல சுத்தாம தொங்கறது நூறு இருக்கு. நீ தினம் அங்கதான இருக்க, நீ ஏன் சொல்லல?"

"அவர் பண்றதெல்லாம் சொல்லணும்னா நான் தனியா ஒரு ஆள் வேலைக்கு வெக்கணும். பள்ளம், பள்ளம், பாத்துப் போ."

"பாத்துட்டுதான் போறேன்."

"ஒருவேள ஒண்ணும் இல்லன்னா? நாலுக்கும் ஒண்ணும் இல்லன்னா, இவ்வளவு அசிங்கமும் சும்மாதானே?"

கொசு மனசுலயும் அதேதான் ஓடிக்கிட்டு இருக்கு. இருந்துட்டா ஆடு சாகும். இல்லாம போயிட்டா அக்காவுக்கு நாத்தனார் போயிடுவா. ரெண்டுல எதுவானாலும் காரணம் கொசுதான். ஆக்சிலேட்டர இன்னும் முறுக்கினா. பாலத்துக்கு முன்னால லாரிங்க நிக்கற எடத்துல பாத்தாங்க, இல்ல. பாலத்து நடுவுல பாத்தாங்க, இல்ல. ஆத்துல தண்ணி ஓரமா கொஞ்சூண்டு ஓடுது, அதத் தாண்டினா அந்தப் பக்கம். இந்தச் சீக்குக்கு ஆறு ஒரு பெரிய தடையா இருந்ததே இல்ல, லாரி இருந்தா போதும்.

நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேந்தப்போ லாரி காலி. டிரைவர் அண்ணன் நிழல்ல உக்காந்து கால நீட்டியிருக்கார். நாலு கிடேரியும் புதுக் கொட்டில்ல நிக்குது. சட்டத்துக்கெல்லாம் பச்ச பெயிண்ட் அடிச்சிருக்கா, ஒரு எடத்துல இன்னும் காயல போல, வெள்ள நெத்திக்காரி விலாவுல பச்சக் கோடு விழுந்திருக்கு. புது வைக்கோல், புதுத் தொட்டி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா உப்புக் கட்டி. ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுப் பட்டி. குட்டிங்க கம்பி இடுக்குல மூக்க விட்டு புது ஆளுங்கள மோந்து பாக்குதுங்க.

நாத்தனார் கையத் தொடச்சுக்கிட்டே வந்தா. ரெண்டு பேரையும் பாத்ததும் மூஞ்சி மலந்துச்சு. "அண்ணி, நீங்களும் வர்றீங்கன்னு சொல்லவே இல்லையே. இது என்ன, செருப்பு ஜோடி மாறி"ன்னு ஆரம்பிச்சவ, அக்காவோட கண்ணப் பாத்துட்டு நிறுத்திட்டா.

கொசு முன்னால வந்தா. இவள என்ன முறை சொல்லிக் கூப்பிடறதுன்னு கொசுவுக்கு எப்பவுமே கொழப்பம், அதனால "இங்க பாருங்க"ன்னுதான் ஆரம்பிப்பா.

"இங்க பாருங்க, இந்த நாலையும் திருப்பிக் கொண்டு போகணும். பொழுது சாயறதுக்குள்ள."

நாத்தனார் சத்தம் போடல. போட்டிருந்தா கூட தேவல. மெதுவா வேலில கைய வெச்சுக்கிட்டா.

"தெரியும். வண்டி கிளம்பினதும் போன் பண்ணி சிரிச்சாங்க பாரு, அப்பவே என்னமோ இருக்குன்னு நெனச்சேன். என்ன, திரும்ப ஆஸ்பத்திரியா?"

"ஆமா."

"அண்ணி, ஒரு தடவ பண்ணீங்க, விட்டேன். பெயிண்ட் வாசன கூட போகல. அதுக்குள்ள மனசு மாறிடுச்சா? இந்தச் சின்னப் பொண்ண வேற முன்னால நிக்க வெக்கிறீங்க. எறங்கின மாடு எறங்கினதுதான். நான் ஏத்த மாட்டேன்."

கொசு போன நீட்டினா, செவந்த வயித்துப் பூச்சி போட்டோவோட. நாத்தனார் பாத்தா. "இது பூச்சி. அதுக்கென்ன, எங்க ஊர்ல பூச்சி இல்லையா?"

"இருக்கும். உங்க ஊர்ப் பூச்சிக்கு இன்னும் சீக்கு கெடைக்கல. இந்த நாலுல ஒண்ணுகிட்ட சீக்கு இருந்தா, இன்னிக்கு அந்திக்கு உங்க ஊர்ப் பூச்சி வந்து அதக் கடிக்கும். அந்தப் பூச்சிக்குள்ள சீக்கு ஊற கொஞ்ச நாள் பிடிக்கும். அப்புறம் வேலி தாண்ட அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" கொசு பட்டியக் கை காட்டினா. குட்டி ஒண்ணு இன்னும் கிடேரியோட மூக்க நக்கிக்கிட்டு இருந்துச்சு.

நாத்தனார் பட்டியப் பாக்கல, அக்காவத்தான் பாத்தா. "போன வாரம் பூச்சியே இல்லன்னுதானே தெறந்தீங்க? எப்படி ஒரே வாரத்துல வந்துச்சு? சொல்லுங்க அண்ணி, இந்தப் பொண்ணு வேணாம், நீங்க சொல்லுங்க."

அக்காவுக்கு அழுகை வரல, எரிச்சல்தான் வந்துச்சு. "வரல. மொதல்லேருந்தே இருந்துச்சு. பொறில விழல. உங்கண்ணன் பொறிக்கு நேரா ஃபேன் வெச்சிட்டார்."

"என்ன ஃபேன்?"

"ஏதோ மூடின பட்டறையோட ஃபேன். லாரி டயர் சைசு. அவரே மோட்டார் சுத்தினாராம். பொறியோட ஃபேன் சின்னதா இருக்கேன்னு, பாவம் ஒரு கை குடுக்கட்டும்னு, ராத்திரி முழுக்க அது மேல அடிக்க விட்டிருக்கார். பூச்சியெல்லாம் காத்துல தெறிச்சு ஓடிடுச்சு. இவ வந்து பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னு ஆஸ்பத்திரில சொல்லி, அவங்க தெறந்து, நான் உனக்கு போன் போட்டு."

நாத்தனார் வேலி மேல நெத்திய வெச்சுக்கிட்டா. தோள் குலுங்குது. அழறான்னுதான் கொசு நெனச்சா, பக்கத்துல போயிட்டா. அழல.

"பொறிக்கு ஃபேனா," நாத்தனாருக்கு மூச்சு முட்டுது. "சின்ன வயசுல கோழிக் குஞ்சுக்குக் குளுரும்னு கூடைய அடுப்புக்குப் பக்கத்துல வெச்சான், அதுல இருந்த பஞ்சு பத்திக்கிச்சு. நான்தான் தண்ணி ஊத்தினேன். அன்னிக்கும் இதேதான் சொன்னான், பாவம், கை குடுக்கலாம்னு பாத்தேன்னு."

அக்கா அவளப் பாத்தா. என்ன பண்றதுன்னு தெரியாம அவளுக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுட்டு உடனே கண்ணத் தொடச்சுக்கிட்டா.

"அண்ணி, பொய் சொல்லணும்னு வந்திருந்தா நீங்க இதவிட நல்லா சொல்லியிருப்பீங்க," நாத்தனார் நிமிந்தா. "இத யாராலயும் கற்பன பண்ண முடியாது. எங்கண்ணன் ஒருத்தனாலதான் முடியும்." முந்தானைல மூஞ்சியத் தொடச்சா. அப்பதான் பட்டிப் பக்கம் திரும்பினா. கொஞ்ச நேரம் அங்கயே பாத்துக்கிட்டு இருந்தா, சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா எறங்கிடுச்சு. "நாக்கு நீலமாகுமா?"

"ஆகும்," கொசு சொன்னா. "எல்லாத்துக்கும் ஆகாது. ஆனா பல ஆடு போயிடும்."

"டிரைவரண்ணே, பலகைய எறக்குங்க."

எறக்கினதோட முடியல. கிடேரிக்கு ஒரு நாளுல ரெண்டு தடவ லாரி ஏற இஷ்டமே இல்ல. புது வைக்கோல் ருசி கண்டுடுச்சுங்க. காதுக்குப் பின்னால சொறியறதெல்லாம் இப்ப எடுபடல. ஒண்ண ஏத்தறதுக்குள்ள இன்னொண்ணு எறங்குது. வெள்ள நெத்திக்காரி பலகை நடுவுல படுத்தே விட்டா. டிரைவர் அண்ணன் வாடகைய பத்தி ஒரு வார்த்த கூட பேசல, ஆனா பெருமூச்சு விட்டே எல்லாம் சொல்லிட்டார். மத்தியானம் பூரா இதுலயே போயி வெயில் மஞ்சளாகுது. கொசு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ வானத்தப் பாக்கறா, பாத்துட்டு "சீக்கிரம் சீக்கிரம்"ங்கறா. நாத்தனார் "இன்னொரு தடவ சீக்கிரம்னு சொன்ன, ஒன்னயும் சேத்து ஏத்திடுவேன்"ங்கறா. கடைசில நாத்தனார் பின்னால தோளக் குடுத்து, அக்கா உப்புக் கட்டிய அது மூக்குக்கு முன்னால நீட்டிக்கிட்டே பின்பக்கமா நடந்து, ஒரு வழியா ஏத்தினாங்க.

அக்கா லாரில முன்னால ஏறி உக்காந்தா. நாத்தனார் கதவப் புடிச்சுக்கிட்டு நின்னா.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு வரட்டும், பூச்சியும் அடங்கட்டும், திரும்பத் தெறக்கட்டும். எத்தன மாசமானாலும் சரி. அந்த நாலும் என்னோடது. நடுவுல யாராவது நல்ல வெலைக்குக் கேக்கறாங்கன்னு கை மாத்தினீங்க..."

"ஒண்ணு மேல உன் பெயிண்ட் வேற இருக்கு. வேற எவன் வாங்குவான்."

"போன் பண்ணுங்க அண்ணி. அவன் வேணாம், நீங்க பண்ணுங்க."

லாரி போச்சு. பொழுது சாயறதுக்கு முன்னால பாலத்தத் தாண்டிடும், கணக்குப் போட்டுப் பாத்தா சரியா இருக்கு. ஆனா கணக்கு போட்டு சரியா வந்ததுதான் போன வாரமும். கொசு கிளம்பல. ஸ்கூட்டர் டிக்கியில எப்பவும் ஒரு பொறி உபரியா கெடக்கும், அத எடுத்து ஆட்டுப் பட்டி ஓரத்துல கட்டினா. கட்டறதுக்கு முன்னால நாலாப் பக்கமும் பாத்தா. ஃபேன் இல்ல, ஜன்னல் இல்ல, காத்து வர்ற சந்து இல்ல. ஒரு புல்லப் புடுங்கி மேல புடிச்சுப் பாத்தா, ஆடல. புட்டில சோப்புத் தண்ணி ஊத்தினா.

"கிடேரிதான் போயிடுச்சே. இது எதுக்கு?" நாத்தனார் பக்கத்துல ஒரு வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்தா.

"லாரில ஏதாவது ஒளிஞ்சு வந்திருந்தா? இல்ல, மேலாத்துலேருந்து காத்தே தூக்கிட்டு வந்திருந்தா? தெரியணும்ல. தினம் வந்து பாப்பேன்."

"தெரிஞ்சா நிம்மதியா?"

"இல்ல," கொசு சொன்னா. "தெரியாம இருக்கறதுக்கு இது தேவல, அவ்வளவுதான்."

வெளிச்சம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஆடுங்க ஒண்ண ஒண்ணு உரசிக்கிட்டு படுக்க எடம் பாத்துச்சுங்க. பல்பு போட்டதும் பொறி மெல்ல உறும ஆரம்பிச்சுது. கொசு உக்காந்தா, எழுந்தா, புட்டியப் பாத்தா, திரும்ப உக்காந்தா.

பட்டுனு நாத்தனார் தன் கை மேல அடிக்கப் போனா. கொசு பாஞ்சு அவ மணிக்கட்டப் புடிச்சுட்டா.

"அடிக்காதீங்க, அடிக்காதீங்க, நசுங்கிடும்."

"என்னையத்தான் கடிக்குது."

"பரவால்ல, கடிக்கட்டும், அசையாதீங்க." கொசு இன்னொரு கையால பக்கத்துல நின்ன ஸ்கூட்டர் டிக்கியக் குடைஞ்சு குட்டி டப்பாவத் தேடறா, வாயாலயே மூடியத் தெறக்கறா. பொட்டு மாதிரி ஒண்ணு நாத்தனார் முழங்கைல ஒக்காந்து நிதானமா குடிச்சுக்கிட்டு இருக்கு.

"இதுதானா அது?"

"இந்த வெளிச்சத்துல தெரியல. லென்ஸ்ல பாத்தாதான்."

"சரி, சீக்கிரம் புடி," நாத்தனார் கைய ஆடாம நீட்டிக்கிட்டே சொன்னா. "என் ரத்தத்துல இது முட்ட வேற போடுமா?"

கொசு டப்பாவ மெதுவா அது மேல கவுத்தா.